தண்ணி குடிக்கிற தேயிலை

திண்டுக்கல்ல டீ குடிக்காத ஆளு கிடையாது. ஆனா என் டீயைப் பாத்தா ஆளாளுக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வரும். சீனாவுல இருந்து வர்ற பூ-எர் தேயிலை. இலையை வட்டமா அமுக்கி, காகிதத்துல சுத்தியிருப்பாங்க. பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. வருசக்கணக்கா வச்சிருந்து குடிச்சாத்தான் கசப்பு போயி, தொண்டையில ஒரு தித்திப்பு நிக்கும். கல்கத்தா யாவாரி ஒருத்தர்கிட்டச் சொல்லி வரவழைப்பேன். முதல் பார்சலைப் பிரிச்சப்போ என் கூட்டாளி, "ஏலே, வறட்டியையாடா காசு குடுத்து வாங்கியிருக்க?"ன்னான். பூ வாசமா இருக்குமேன்னு அவனுக்கு ஊலாங்ங்கிற இன்னொரு சீனத் தேயிலையைப் போட்டுக் குடுத்தேன். "சுடுதண்ணி நல்லா இருக்குடா"ன்னுட்டுப் போயிட்டான். போகட்டும், நாக்குச் செத்த பய.

இந்த ஊருக் காத்துல தேயிலையைக் காப்பாத்துறதுதான் பெரும்பாடு. வறண்ட காத்து, இலை காஞ்சு சருகாயிரும். போதாததுக்கு, பக்கத்துல எது மணக்குதோ அதை இழுத்துக்கிரும். பழைய வீட்டுக்குப் பின்னாடி மொளகாய் அரைக்கிற மில்லு. நல்ல தேயிலை வட்டு ஒண்ணு காரநெடி ஏறிப் பாழாப்போச்சு. அந்த எரிச்சல்லதான் செம்பட்டி ரோட்டுப் பக்கம் வாடகைக்கு வீடு மாத்துனேன். அங்க சன்னலே இல்லாத உள்ரூம் ஒண்ணு பூட்டிக் கிடந்துச்சு. நல்ல இருட்டு, நல்ல குளுமை. பாத்ததும் எனக்கு வேற எதுவும் கண்ணுல படல.

வீட்டுக்காரம்மா பின்கட்டுல தனியா இருந்தாங்க. எதையும் மறைக்கல, நேராவே சொன்னாங்க. "என் ஒத்த மகன் போன ரூம் தம்பி அது. காய்ச்சல்ல கிடந்தான். தண்ணி கேட்டான். 'செத்த இரு அப்பு, வாரேன்'னுட்டு அடுப்படிக்கு ஓடுனேன். சொம்போட வந்து பாக்குறேன், போயிட்டான்." அதை ஒருதரம் சொன்னதோட சரி. அதுக்கப்புறம் 'செத்த'ங்கிற சொல்லே அவங்க வாயில வந்து நான் கேட்டதில்ல. செத்த இருங்க, செத்த நேரம்னு ஊரே நாளெல்லாம் பேசுது. இவங்க மட்டும் 'கொஞ்சம்'பாங்க. எனக்குப் பேய் பிசாசுல நம்பிக்கை கிடையாது. பரவாயில்லம்மான்னு சாவியை வாங்கிக்கிட்டேன்.

தேயிலைக்கு ஈரம் வேணுமே. வாயகன்ற பித்தளைச் சட்டியில தண்ணி ஊத்தி, அலமாரிக்குக் கீழ வச்சேன். வீடு பெருக்க வந்த வீட்டுக்காரம்மா அதைப் பாத்ததும் வாசப்படியிலயே நின்னுட்டாங்க.

"யாருக்குத் தம்பி தண்ணி?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "தேயிலைக்குத்தான்மா. அதுக்கு உசுரு இருக்கு. மூச்சு விடும், தண்ணி குடிக்கும், ரூமுக்குள்ள இருக்கிற அம்புட்டையும் உள்ள இழுத்துக்கிரும்"னு பெருமையா அளந்துவிட்டேன்.

உசுரு போன இடத்துல கருமாதி வரைக்கும் சொம்புல தண்ணி வைக்கிறது எங்க பக்கத்து வழக்கம். தண்ணி குறைஞ்சா, வந்து குடிச்சிருக்குன்னு மனசு ஆறும். இவங்க மகனுக்கு வச்ச சொம்பு குறையவே இல்லையாம். அவன் போனது ஐப்பசி அடைமழையில, எப்படிக் குறையும்? ஆனா பெத்தவளுக்கு அது புரியுமா? "கோவிச்சுக்கிட்டு, குடிக்காமயே போயிட்டான் தம்பி"ன்னாங்க. மகன் தாகம் தீந்துச்சா இல்லையான்னு தெரியாமத்தான் இத்தனை வருசமா உக்காந்திருக்காங்க. பாவமா இருந்துச்சு எனக்கு.

அன்னையில இருந்து சட்டியை நிரப்புறது அவங்க வேலையாயிருச்சு. வெயில் காலம் வேற. "ஒரு விரக்கடை குறைஞ்சிருக்கு தம்பி!"ம்பாங்க, முகமெல்லாம் சிரிப்பு. "ஆவியாப் போகுதும்மா"ன்னேன். "சன்னலே இல்லாத ரூம்ல வெயில் எங்கருந்து வந்துச்சாம்?"னு கேட்டாங்க. 

ஐப்பசி வந்துச்சு. கொடியில துணி காயல, தீப்பெட்டி நமுத்துப்போச்சு. ஈரம் காட்டுற மீட்டரு உச்சத்துல நிக்குது. இனிமே தண்ணி குறையாது, அந்தம்மா ஒடிஞ்சுபோயிருவாங்களேன்னு கவலையோட கதவைத் திறந்தேன். சட்டியில அடி தெரிஞ்சுச்சு. அந்தம்மாவோ தங்கச்சியைப் பாக்க ஒட்டன்சத்திரம் போயிருந்தாங்க. சாவியோ என் சட்டைப் பையில. ஓட்டையோன்னு சட்டியில தளும்பத் தளும்ப ஊத்தி முத்தத்துல வச்சுப் பாத்தேன். ஒரு சொட்டு ஒழுகல. தேயிலைதான் குடிச்சிருச்சோன்னு ஒரு வட்டைப் பிரிச்சேன். அது வேனல்ல கிடந்த சருகாட்டம் மொறுமொறுன்னு இருக்கு. அந்த மழையில! வட்டை அப்படியே போட்டுட்டு, கதவைச் சாத்திக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

பயந்தாலும் நாக்கு கேக்குதா? மறுநாள் மத்தியானம் அந்த உள்ரூம்லயே உக்காந்து, அந்த வட்டுலயே ஒரு துண்டைப் பேத்தெடுத்து டீ போட்டேன். ஊர்ல இருந்து வந்துட்ட அந்தம்மா நிலைப்படிகிட்ட வந்து உக்காந்தாங்க. இலையைக் கழுவுன முதல் தண்ணியைக் கொட்டிட்டு, அடுத்ததைக் குடிச்சேன். கசப்பு இல்ல, வேற வாசமும் இல்ல. ஆனா தித்திப்பு வரவேண்டிய இடத்துல தாகம் எடுத்துச்சு. இன்னொரு கிண்ணம் குடிச்சேன், தாகம் கூடுச்சு. குடிக்கக் குடிக்கத் தொண்டை வறளுது, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிருச்சு. என்னை அறியாம, "தண்ணி"ன்னுட்டேன்.

அந்தம்மா விருட்டுன்னு எந்திரிச்சாங்க. "செத்த இரு அப்பு, வாரேன்!"

சொல்லிட்டு அடுப்படிக்கு ஓடுனாங்க. என்ன சொன்னோம்னு அவங்களுக்கே தெரியல. எனக்கு எந்திரிச்சுத் தெருவுக்கு ஓடிரணும்போல இருந்துச்சு. ஆனா அவங்க திரும்பி வரும்போது இந்த இடம் காலியா இருந்தா? பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கண்ணைக்கூட மூடல, மூடுனா அவங்க தப்பா நெனச்சிருவாங்களேன்னு.

சொம்போட வந்தவங்க நிலைப்படியைத் தாண்டல. சொம்புத் தண்ணி தளும்பிச்சு.

"இருக்கியா?"ன்னாங்க.

"இருக்கேன் ஆத்தா"ன்னேன். என் அம்மாவைக்கூட நான் அப்படிக் கூப்பிட்டது கிடையாது. அவங்க மகன் அவங்களை எப்படிக் கூப்பிட்டான்னு எனக்கு யாரும் சொன்னதும் இல்ல.

மொத்தச் சொம்பையும் நான்தான் குடிச்சு முடிச்சேன். கடைசி மடக்கு இறங்குற வரைக்கும் என் தொண்டைக்குழியையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் அங்கயே உக்காந்து, வாய்விட்டு அழுதாங்க.

அந்தச் சட்டி இன்னும் அதே ரூம்லதான் இருக்கு. அன்னையில இருந்து அதுல தண்ணி குறையறதில்ல, சித்திரை வெயில்லயும்.