நேரம் இல்லாத எண்

வெள்ளம் வந்தன்னிக்கு மாலதி அக்கா வீட்டு மாடிப்படியில அத்தானை மெத்தையோட நாலு பேர் தூக்கிட்டுப் போனதைப் பார்த்தப்பதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. தண்ணி வருதுன்னு ஒரு மணி நேரம் முன்னாடி தெரிஞ்சா போதும், இவ்வளவு அவதி இருக்காது. முதல்லயே சொல்லிடுறேன், பேய், சகுனம் இதிலெல்லாம் எனக்கு என்னைக்கும் நம்பிக்கை கிடையாது, படிச்சது இன்ஜினியரிங். நடந்ததைச் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

அக்கா என் பெரியம்மா மக. வீடு கோலாலம்பூருக்குக் கீழ கிள்ளான்ல, பெரிய கால்வாய் ஓரம். அத்தான் லோரி ஓட்டினவர், ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷமா கட்டில்லதான், வாய் மட்டும் படுக்கல. என் யோசனையைக் கேட்டதும், "நூத்திப்பத்து கிலோடா நானு, உன் கம்ப்யூட்டர் வந்து ஒரு கால் பக்கம் பிடிக்குமா?"ன்னு கேட்டார்.

கால்வாய்ப் பாலத்துக் கம்பியில ஒரு சென்சார் மாட்டினேன். வவ்வால் மாதிரி கீழ சத்தம் அனுப்பி, தண்ணி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேஎல் பிரிக்ஃபீல்ட்ஸ்ல என் ரூம்ல இருக்கிற என் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். நான் எழுதின ஸ்கிரிப்ட், ஒரு குட்டி புரோகிராம், அதை கிராஃபா வரைஞ்சு அந்தப் படத்தை அந்தத் தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பும்.

நல்லாத்தான் ஓடுச்சு, ஆனா மாசத்துல ரெண்டு மூணு நாள் ஸ்கிரிப்ட் நின்னுடும், படம் வராது, அப்புறம் தானா வரும். எரர் எப்பவும் ஒண்ணுதான், நேரமும் அளவும் எண்ணிக்கையில ஒத்துப்போகல. ஒரு அளவு கூடுதலா இருக்கு, அதுக்கு நேரமே இல்ல. தண்ணி ரெண்டு மீட்டர் கீழ கிடக்கிறப்ப அந்த எண் மட்டும் 160 செண்டிமீட்டர்ங்குது. அடுத்த தடவை 131. அப்புறம் 97. பாலத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு மெதுவா மேல ஏறி வர்ற மாதிரி. குப்பையா, பறவையான்னு போய்ப் பார்த்தேன், வயரை மாத்தினேன், கடைசியில சென்சாரையே மாத்தினேன். நம்பினா நம்புங்க, புது சென்சார் பழசு விட்ட இடத்துலேர்ந்து தொடர்ந்துச்சு. 74.

வெறுத்துப்போய் ஒரே ஒரு வரி சேர்த்தேன், நேரம் இல்லாத எண் வந்தா தூக்கிப் போடுன்னு. அதுக்கப்புறம் ஸ்கிரிப்ட் நிக்கவே இல்ல, எனக்கு ஒரே பெருமை.

ஒரு ஞாயித்துக்கிழமை. கிள்ளான்ல வெயில், மேல கேஎல் பக்கம் மழை. படம் ஒழுங்கா போய்க்கிட்டே இருந்துச்சு, கோடு நேரா. நாலு மணிக்கு, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல, தண்ணி வீட்டுக்குள்ள. மேல எங்கயோ அடைப்பு உடைஞ்சதாம். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து தூக்கறதுக்குள்ள அத்தானுக்குக் காது வரைக்கும் தண்ணி.

கோமுட்டர் ரயில் பிடிச்சு ஓடினேன். அக்கா திட்டல, ஈரத் துண்டைப் பிழிஞ்சுக்கிட்டே பேசினா.

"முன்னாடியெல்லாம் உன் படம் வரலன்னா இவரை மேல ஏத்திடுவோம் தம்பி. அன்னிக்குச் சாயங்காலம் தண்ணி வாசல் வரைக்கும் வந்துடும். இன்னிக்கு ஒழுங்கா வந்துச்சேன்னு விட்டுட்டோம் லா."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீதான் எங்களை உஷார் பண்ண படத்தை நிறுத்துறதா நினைச்சோம்."

எரர் வந்த நாளையும் தண்ணி ஏறின நாளையும் நான் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கவே இல்ல. ரூமுக்கு வந்து, ஸ்கிரிப்ட் தூக்கிப் போட்ட எண்களை, சென்சார் அனுப்பின பழைய பதிவுல தேடினேன். ஞாயித்துக்கிழமை காலையிலேர்ந்து வரிசையா 60, 41, 28, கடைசியா 4. இருபதுக்குக் கீழ அந்த சென்சாரால அளக்கவே முடியாது.

வரும்போதே சென்சாரைக் கழட்டி எடுத்துட்டு வந்திருந்தேன். பேட்டரியை உருவிட்டு மேசையில வச்சேன், அந்த ஒரு வரியையும் அழிச்சேன். மறுநாள் மத்தியானம் கீழ சாப்பிடப் போயிட்டு வந்தா ஸ்கிரிப்ட் நின்னு போயிருக்கு, அதே எரர். எண் 85. டேப் எடுத்து அளந்தேன். சென்சார்லேர்ந்து நாற்காலி முதுகு வரைக்கும் 110. நான் அதுல உக்காந்தா என் நெஞ்சு வரைக்கும் 85. ரூம் பூட்டியிருந்துச்சு, சாவி என் பாக்கெட்ல.

அதுலேர்ந்து கட்டில் ஓரத்துல உக்காந்துதான் வேலை பார்க்கிறேன்.

நாளைக்கு சென்சாரை மறுபடியும் பாலத்துல மாட்டப் போறேன். ஸ்கிரிப்டை சரி பண்ணப் போறதில்ல. படம் வரலன்னா என்னைக் கேக்காதீங்க, அத்தானைத் தூக்குங்கன்னு குரூப்ல போட்டுட்டேன். கூடவே மாட்டறதுக்கு ஒரு சின்ன கேமராவும் வாங்கியிருக்கேன், அதைத் தண்ணியைப் பார்க்கத் திருப்பறதா, சென்சாரைப் பார்க்கத் திருப்பறதாங்கறதைத்தான் இன்னும் முடிவு பண்ணல.