பட்டன் வைத்த மூக்கு

நான் படித்த பள்ளியின் தையல் டீச்சர் விமானத்தில் ஏறியதே இல்லை. மாதிரி விமானம் செய்யும் வகுப்பை வேறு யாரும் ஏற்கவில்லை என்பதால் அவர் தலையில் கட்டினார்கள். அவரோ விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டார். உடைந்த பெஞ்சுகளை அடைத்துவைத்திருந்த அறையைக் கழுவி, துணி வெட்டும் மேஜையில் அட்டை இறக்கைகளை வெட்டவைத்தார். அவர் வகுப்பில் ஒரே சட்டம்: செய்தவர் கைதான் விமானத்தைத் தொடலாம்.

விமானப் பொறியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான் உதவிக்குப் போவேன். வீட்டில் முதல் பட்டதாரி; வாய் கொஞ்சம் நீளம்.

ஒரு நாள் தலைமையாசிரியை வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். விமானம் மைதானத்தைக் கடக்காவிட்டால் அறை மறுபடி பெஞ்சுகளுக்குத்தான்.

பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி தான் செய்ததை வீசினாள். விமானம் செங்குத்தாக ஏறி, தயங்கி, பொத்தென்று விழுந்தது.

"என்ன டீச்சர், உங்க விமானத்துக்கு மயக்கமா?" என்றார் தலைமையாசிரியை.

"இன்னொரு தடவை மேடம்."

நான் பாய்ந்தேன். "வால் கனம் டீச்சர். ஒரு நிமிஷம், நான் சரி பண்ணிடறேன்."

"பண்ணலாம்மா. அப்புறம் அது உன் விமானம். இவ நின்னு டாட்டா காட்டுவாளா?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். விமானம் பறக்க வேண்டுமென்று துடித்தேனா, என் படிப்பு தெரிய வேண்டுமென்றா? இன்றும் சரியாகத் தெரியவில்லை.

அந்தப் பெண் இறக்கைக்கு அடியில் விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தாள். "பின்னாடி சாயுது டீச்சர். போன தடவை வால் பிச்சுக்கிச்சுன்னு பசையைக் கொட்டிட்டேன்."

"பட்டன் அறுந்தா பட்டனைத் தைப்பியா, சட்டையையே தைப்பியாடி?"

காய்ந்த பசையைச் சுரண்டினால் வால் உடையும். அவள் யோசித்தாள். சட்டென்று டீச்சரின் பட்டன் டப்பாவைத் திறந்து, மூக்கில் ஒவ்வொரு பட்டனாக ஒட்டி, விரலில் நிறுத்திப் பார்த்தாள். சாயாமல் நின்றதும் வீசினாள்.

விமானம் அலுங்காமல் மிதந்து மைதானத்தைக் கடந்து, சைக்கிள் கொட்டகைக் கூரையில் போய் உட்கார்ந்தது. எல்லோரும் கத்தினோம்.

"பெஞ்சை வேற எங்கயாவது போடச் சொல்றேன்," என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏய், அதெல்லாம் நல்ல பட்டன்டி! ஒண்ணு விடாம வரணும்."

அவள் ஏணியில் ஏறினாள். டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீ ஏணியைப் பிடி தாயி. அதைத் தொடலாம், தப்பில்ல."

சிரித்துக்கொண்டே பிடித்தேன்.