எங்கள் வீட்டில் சாப்பிடாத பெண்

நாங்கள் வெளிநாட்டில் குடியேறிய ஹென்டர்சன் ஊரில், எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு சீனப் பெண் தங்கிப் படித்தாள். பதினாறு வயது. அவள் சாப்பாட்டுக்கும் உடம்புக்கும் நான் பொறுப்பு என்று பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

தட்டை வைத்ததும் படம் எடுப்பாள். "ஹோம்வொர்க் இருக்கு ஆன்ட்டி, ரூம்ல சாப்பிடறேன்" என்று தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

"உன் சாம்பாருக்குச் சைனா வரைக்கும் மவுசுடி" என்பார் என் கணவர். நம்பினேன். முட்டாள்! பெருமையில் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

மூன்று மாதத்தில் சீருடைப் பாவாடை அவள் இடுப்பில் நிற்கவில்லை. முதலில் ஓர் ஊக்கு குத்தினாள். அப்புறம் இரண்டு. "வளர்ற பொண்ணு, இளைக்கத்தான் செய்யும்" என்றார் அவர். நான் பாவாடையின் இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

ஒருநாள் உணவுக் கழிவுத் தொட்டியைத் தெருவில் வைக்கத் தூக்கினேன். கனத்தது. திறந்தால், நான் சமைத்த சோறு, கறி, அவளுக்கென்றே வாங்கிய டோஃபு எல்லாம் அப்படியே கிடந்தன.

அவளை இழுத்து வந்து, "என்னடி இது?" என்று தமிழிலேயே கத்தினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"படம் அம்மாவுக்கு. நல்லா சாப்பிடுன்னு தினமும் சொல்வாங்க. வீடியோல பாத்தா, முகம் உருண்டையாயிடுச்சும்பாங்க."

"மத்தியானம்?"

"நானும் கிளாஸ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் ஜவ்வரிசி போட்ட ஒரு பபிள் டீயைப் பங்கு போட்டுக்குவோம். அவங்க எதுவும் சாப்பிட மாட்டாங்க. நான் மட்டும் எப்படி நீங்க கட்டிக் குடுத்த டப்பாவைத் திறக்கறது?"

உருண்டை முகமாம்! எனக்கு ஆத்திரம் பொங்கியது. போனை எடுத்தேன். "உங்க அம்மாகிட்ட பேசறேன்."

"வேண்டாம் ஆன்ட்டி, ப்ளீஸ். உடனே வேற வீட்டுக்கு மாத்திடுவாங்க."

மாற்றினால் பள்ளிக்கூடம் காரணம் கேட்கும். இத்தனை நாள் என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று என்னைத்தான் கேட்கும். போனை வைத்துவிட்டேன். அவள் கெஞ்சியதால் வைத்ததாக எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாளில், ரயில் நிலையத்தில் சரிந்து விழுந்தாள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை நாளா ஒழுங்கா சாப்பிடல?" என்று நர்ஸ் என்னிடம் கேட்டாள்.

படுக்கையிலிருந்து அவள் என்னையே பார்த்தாள்.

"ரெண்டு மூணு நாளா" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். நான் தடுக்கவில்லை. என் பொய்யை வைத்துத்தான் அவளுக்கு வைத்தியம் ஆரம்பித்தார்கள்.