ராத்தா சாப்பிடாத கத்தச் சோறு

விடியற்காலை சுபஹுத் தொழுகை முடித்து எழும்பும்போது கைப்பேசி அடித்தது. அழைத்தவர் சட்டத்தரணி பரீனா ராத்தாவின் தம்பி நிஸார். "ராத்தா மௌத்தாகிட்டா" என்றார். உடன்பிறந்த அக்காவோடு ஆண்டுக்கணக்காகக் கதைக்காதவரின் வாயாலேயே அந்த மரணச் செய்தி வந்ததை நினைக்க எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் ராத்தாவைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அவர் எதற்காக அடிக்கடி கொழும்புக்கு பஸ் ஏறினார் என்பது பலருக்குத் தெரியாது. தேர்தல் செலவுக்கு வரம்பு வைக்கும் சட்டம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. தேர்தல்களைக் கண்காணித்த எங்கள் சிறு குழுவின் சார்பில் பாராளுமன்றக் குழு முன் போய் நின்றார். நானும் கூடப் போயிருந்தேன். போஸ்டருக்கும் மேடைக்கும் மட்டும் கணக்குக் கேட்டால் போதாது என்றார். "எங்கட ஊர்ல காச சுவர்ல ஒட்டுறல்ல, சஹன்லதான் வைக்கிறாங்க" என்று அவர் சொன்னது அங்கிருந்தவர்களுக்கு விளங்கவில்லை. சஹன் என்ற ஒரே தட்டில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து உண்ணும் எங்கள் வழக்கத்தையும், தேர்தல் நேரத்தில் அதில் வாக்குக்காகச் சோறு போடுவதையும் சொன்னோம். சிரித்தார்கள். தானத்தையும் பிரசாரத்தையும் எப்படிப் பிரிப்பது என்று ஒருவர் கேட்டார்.

"ஆரு குடுத்த எண்டு கேக்காதீங்க. ஏன் இப்ப குடுத்த எண்டு கேளுங்க" என்றார் ராத்தா.

சட்டம் வந்தது. வேட்பாளர் கணக்குக் காட்டவேண்டும் என்றும் வந்தது. சஹனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அடுத்து வந்த தேர்தலில் நிஸாரே நின்றார். வாக்களிப்புக்குச் சற்று முன்னர், காலஞ்சென்ற வாப்பாவின் பேரில் குர்ஆன் ஓதிக் கத்தம் வைத்து ஊருக்கே சோறு கொடுத்தார். ராத்தா போகவில்லை. அந்தச் செலவையும் கணக்கில் காட்டச் சொன்னார். "வாப்பாட கத்தச் சோத்துக்கும் பில் கேக்கிறீங்களா, ராத்தா?" என்றுவிட்டு நிஸார் எழும்பிப் போய்விட்டார். ராத்தா தேர்தல் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினார். அதனால் ஒன்றும் நடக்கவில்லை, நிஸார் வென்றார். குடும்பம்தான் உடைந்தது. அதன்பின் பெருநாள்களில் ராத்தா என் வீட்டில் சாப்பிட்டார். தம்பியின் பிள்ளைகள் நன்றாக வளர்ந்திருப்பார்கள் இல்லையா என்று ஒருமுறை கேட்டார். அவர் தட்டில் கறியை அள்ளி வைத்தேன்.

ராத்தாவின் மூன்றாம் நாள் கத்தத்துக்கு நிஸார் தன் வீட்டில்தான் சோறாக்கினார். பெண்கள் இருந்த அறை வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"இப்ப எலக்சன் ஒண்டுமில்ல. இப்ப கூப்பிட்டிருந்தா வந்திருப்பா. நான்தான் கூப்பிடல்ல."



ராத்தாவை அறிந்த உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்னொரு தேர்தல் வரும். நிஸார் திரும்பவும் நிற்பார். அவர் வீட்டில் அடுப்பும் எரியும். அதைப் பற்றி முறைப்பாடு எழுத ராத்தா இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வேலைதான். முறைப்பாடு எழுதிய அன்று அவர் பக்கத்தில் நான் இருந்தேன். அழுதழுதுதான் எழுதினார், எழுதி முடித்துக் கையெழுத்தும் வைத்தார். நானும் அப்படித்தான் எழுதவேண்டியிருக்கும்.