தெரிந்த வார்த்தை

"‘சி’ன்னா ஆருடி? உன் மாமனா?" என்று கேட்டுக்கொண்டே ஷம்சியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறாள். கழற்றிவிட்டால் வசவு வருகிறது என்று பொருள். எதிரே இருக்கும் முகம் தெளிவாகத் தெரிந்தால் திட்டு பாதியிலேயே நின்றுவிடுமாம். அதனால் எல்லோரும் மங்கலான பிறகுதான் வாயைத் திறப்பாள்.

கேள்வி இதுதான்: இன்சுலின் போட்டுக்கொண்ட நோயாளி வியர்த்துக் கொட்டி நடுங்குகிறார், நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? சர்க்கரை கொடுக்க வேண்டும், அதுதான் ‘சி’. அந்தப் பெண் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் ஷம்சியாவின் வகுப்பில் சரியான விடைக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. மற்ற மூன்று விடைகளும் நோயாளியை எப்படிக் கொல்லும் என்று சொல்லியாக வேண்டும். "ஒரு கேள்விக்கு மூணு மையத்து. மூணையும் அடக்கிட்டு நாலாவதுக்கு வா" என்பாள். போர்வையைப் போர்த்திவிடலாம் என்ற விடையை ஒருத்தி லேசாகத் தாண்டப் பார்த்தாள். "போத்து, நல்லா போத்து. அந்தப் போர்வையோடயே பொதிஞ்சு கொண்டுபோலாம், கேட்டோ?"

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டியின் மாடியில் நடக்கிறது இந்த வகுப்பு. கீழே மூட்டை இறங்கினால் மேலே பாடம் தும்மலில் நிற்கும். ஆஸ்பத்திரி வேலைக்கு மனுப் போட்ட நர்ஸுகளுக்கு, வேலை கொடுக்கும் முன் ஆஸ்பத்திரிகள் வைக்கிற அறிவுத் தேர்வுக்கு இங்கே பயிற்சி. அந்தத் தேர்வின் பெயரைக் கேட்டாலே ஷம்சியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "படிச்சு, பாஸாயி, கவுன்சில்ல பேரும் பதிஞ்சு வந்த குட்டிய மறுபடியும் பெஞ்சுல உக்கார வெக்கிறானுக. டாக்டருக்கு வெக்கிறானா? வெச்சுப் பாக்கச் சொல்லு!" எர்ணாகுளம் பிராட்வேயில் குடைக்கடை வைத்திருக்கும் கணவர் ரஷீது, அந்தத் தேர்வுதானே நமக்குச் சோறு போடுகிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டார். அன்று முழுக்க அவருக்குச் சாயா கிடைக்கவில்லை.

அவளும் வார்டில் வேலை பார்த்தவள்தான். ஒரு டாக்டரிடம் வாய் கொடுத்ததால் வேலை போயிற்று என்பாள். டாக்டரிடம் இல்லை, முதலாளியிடம் என்று ரஷீது திருத்துவார். இரண்டு பேரிடமும் கொடுத்திருப்பாள் என்பது பெண்களின் துணிபு.

இந்த மாதம் அவள் கோபத்துக்கெல்லாம் நடுவில் நிற்பவள் மகா. தென்காசிப் பெண். கொச்சிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. வேலை கிடைத்தால் இங்கே இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே மாமன் மகன் தயாராக இருக்கிறான், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கெல்லாம் விடமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டான். எர்ணாகுளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எழுத்துத் தேர்வில் மகாதான் முதலாவதாக வந்தாள். மிச்சம் இருந்தது வாய்மொழித் தேர்வு. நோயாளியோடு பேசத் தெரியுமா என்று பார்ப்பதற்காக அதை மலையாளத்தில் வைப்பார்கள்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். குழந்தைக்குக் காய்ச்சல், மருந்து கொடுக்கப்போகிறாய். "குஞ்ஞின்டெ தூக்கம் நோக்கண்டே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை. குழந்தையின் எடையைப் பார்க்க வேண்டாமா என்பது கேள்வி. மகாவின் காதில் விழுந்தது நம்முடைய தூக்கம். "பாத்துக்கிடுவேன் சார். தூங்குனா எழுப்பமாட்டேன், முழிச்சப்புறம் குடுப்பேன்" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். போகலாம் என்றார்கள்.

கேட்டதும் ஷம்சியா முதலில் மகாவின் மேல்தான் பாய்ந்தாள். "மலையாளம் படி படின்னு தொண்டை வத்தச் சொன்னேனா இல்லையா?"

"தெரிஞ்ச வார்த்தைன்னு நெனச்சுட்டேன் இத்தா. தெரியாத வார்த்தைன்னா என்னன்னு கேட்டிருப்பேம்லா?"

ஷம்சியாவின் வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்துதான் புழங்கும். அங்கே இரண்டு தூக்கமும் உண்டு. அரிசிக்கடையில் ஒன்று, படுக்கையில் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டதே இல்லை. அதனால் வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. "தப்புன்னா தப்புன்னு மார்க்கைக் கொறைக்கட்டும். சிரிச்சது எந்தினு? அதுக்கு ஆரு அதிகாரம் குடுத்தா?" என்று மண்டி வாசல்வரை கேட்கக் கத்தினாள். மறுநாள் காலை மகாவையும் இழுத்துக்கொண்டு எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் படகேறினாள்.

நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். இன்னொரு முறை கேளுங்கள், எடை என்று சொல்லிக் கேளுங்கள், பதில் சொல்லாவிட்டால் நானே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள் ஷம்சியா. மலையாளத்தில் ஆரம்பித்த பேச்சு, கோபம் ஏற ஏறத் தமிழுக்கு வந்துவிட்டது. "உங்க வார்டுல தமிழ் பேசுற ஆளுக எத்தனை பேர் கெடக்காங்க? ராத்திரி பூரா தூக்கம் இல்லன்னு ஒரு கெழவர் சொன்னா, உங்க குட்டிக தராசு எடுத்துட்டு ஓடுவாளா? அதை ஆராவது பரீட்சையில கேட்டீங்களா? அப்ப ஆரு சிரிக்கணும்?"

"எல்லார்க்கும் ஒரே பரீக்ஷயா, டீச்சறே. ஆறு மாசம் கழிஞ்ஞு நோக்காம்" என்றார் அவர். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாமாம். ஆறு மாதத்தில் மகா தென்காசியில் யாருக்கோ சோறு வடித்துக்கொண்டிருப்பாள். அதோடு விட்டிருக்கலாம். "ஆ தூக்கத்தின்டெ கத ஞானும் கேட்டு" என்று, கதை தன் காதுக்கும் வந்ததைச் சொல்லிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். வாசலில் நின்ற உதவியாளர் அடக்கவில்லை.

மகா எழுந்துவிட்டாள். கழுத்துவரை சிவந்திருந்தது. "போவோம் இத்தா. எனக்கு இந்த வேலையே வேண்டாம்."

தனக்குக் கூட்டம் இருப்பதாகச் சொல்லி சூப்பரின்டென்டென்ட் ஃபைலைத் திறந்தார். உதவியாளர் கதவைச் சாத்த வந்தார். ஷம்சியா எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியைத் தரை கிறீச்சிட இழுத்துக்கொண்டு போனாள். வராந்தாவில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கதவு சாத்த முடியாதபடி அதை நிலைப்படியில் குறுக்கே போட்டு, "மறுபடி கேக்கற வரைக்கும் எந்திரிக்காதே" என்று மகாவின் தோளை அழுத்தி அதில் உட்காரவைத்தாள்.