கொண்டைக்கடலை ரகசியம்

விசைத்தறிச் சத்தம் அடுத்த வீட்டு அண்ணாச்சியின் காதில் பாதியைத் தின்றுவிட்டது. குக்கர் விசில் கேட்காது; அடுப்பு மேடையில் உள்ளங்கையை வைத்து, அதிர்வில்தான் விசிலை எண்ணுவார். நெடிய உடம்பு, புருவத்தில் எந்நேரமும் பஞ்சுத் தூசி.

அன்று சாயங்காலம் என் கையைப் பிடித்து அடுக்களைக்கே இழுத்துப் போனார். மறுநாள் அவர் மகளுக்குக் கபடி அணித் தேர்வு. புரோட்டீன் நிறையச் சாப்பிட வேண்டும் என்று கோச் சொல்லியிருந்தார். வீட்டிலோ ஆடித்தபசு விரதம், முட்டைகூடக் கிடையாது. சுண்டலை அந்தப் பெண் தொடவே மாட்டாள். பாஸ்தா என்றால் உயிர்.

தக்காளிச் சாறு வாணலியில் சிவப்பாய்த் துள்ளியது. பூண்டு மணம் தெருவரை ஓடியது. எனக்கும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அண்ணாச்சி என் காதருகே குனிந்து ரகசியம் சொன்னார்:

“கொண்டக்கடலய மையா அரச்சு இதுக்குள்ள விட்டுட்டேன் வே. பன்னீரும் உண்டு. அவளுக்குத் தெரிஞ்சா தட்டத் தள்ளிருவா.”

தறி ஓடும்போது பேசிப் பழகிய வாய். அவர் ரகசியத்துக்குத் தெருமுனை நாய் திரும்பிப் பார்த்தது. கூடத்தில் இருந்த மகளுக்குக் கேட்காமல் இருக்குமா? திக்கென்று எட்டிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

தட்டை வழித்துத் தின்றுவிட்டு மறுபடி நீட்டினாள்.

“இன்னுங் கொஞ்சம் வைப்பா. இன்னைக்கு என்னத்தப் போட்ட, இம்புட்டு ருசியா இருக்கு?”

“ஒண்ணுமில்லட்டி, வெறுந் தக்காளிதான்.”

புருவத் தூசி உதிர அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்ததிலிருந்து எனக்கொரு சந்தேகம், இன்னும் தீரவில்லை. தம் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று அந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியாதா?