பிரெஞ்சு அணிக்குக் கோல் காத்த மத்தியானம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். மதராசில் நடந்த சர்வதேச ஜூனியர் பெண்கள் ஹாக்கிப் போட்டிக்கு வந்திருந்த பிரெஞ்சு அணி, ஊர் திரும்புமுன் புதுச்சேரியைச் சுற்றிப் பார்க்க வருகிறது, எங்களோடு ஒரு ஆட்டமும் ஆடப் போகிறது என்று விளையாட்டு டீச்சர் சொன்னார். அதிலிருந்து எங்களில் யாருக்கும் பாடம் மண்டையில் ஏறவில்லை.

உண்மையில் எனக்கு அந்த ஆட்டத்தில் இடமே கிடையாது. நான் மாற்று கோல் கீப்பர். எங்கள் சென்டர் பார்வர்டு என் சிநேகிதி, குருசுக்குப்பத்துக்காரி. வலை இழுக்கிற அவள் அப்பாவின் தோள் அப்படியே அவளுக்கு. தினமும் சாயங்காலம் அவள் அடிப்பாள், நான் தடுப்பேன். மேட்ச் என்று வந்துவிட்டால் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கத்துவதோடு சரி.

அன்றைக்கு மில்லில் காலை ஷிப்ட் முடிந்த ஆட்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். தலையில் பஞ்சுத் தூசியோடு அப்பாவும் நின்றார். எங்கள் தெரு சொல்தா மாமா கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களில் ஒருத்தி இறங்கினதுமே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெயில் தாங்கவில்லை, வாந்தி வேறு. அவள்தான் அவர்களுடைய கோல் கீப்பர். மாற்று கீப்பர் கால் சுளுக்கி மதராசிலேயே தங்கிவிட்டாளாம். அவர்களுடைய பயிற்சியாளர் அம்மாள் ஏதோ கேட்க, சொல்தா மாமா எங்கள் டீச்சரிடம் சொன்னார்: "ஒரு கீப்பர இரவல் குடுப்பீங்களான்னு கேக்கறாங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். "போறியா?"

"எங்க டீச்சர்?"

"அந்தப் பக்கம். அவங்களுக்கு ஆட."

"நம்மளுக்கு எதிராவா?"

"ஆமா. இஷ்டம் இல்லனா சொல்லிடு, நான்..."

அவர் முடிப்பதற்குள் நான் எழுந்து ஓடிவிட்டேன்.

நீலச் சட்டை முழங்கால் வரை தொங்கியது. நாங்கள் கட்டுவது கிழிந்த கித்தான் பேட். அவர்களுடையது பஞ்சுபோல் இருந்தது. காலில் கட்டியிருப்பதே தெரியவில்லை. நான் கோலுக்குள் போய் நின்றதும் கூட்டத்தில் ஒரே சத்தம்.

"யோவ், உன் பொண்ணு அங்க என்னா பண்ணுது?"

அப்பா தலையிலிருந்த பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியதும் பிரெஞ்சுப் பெண்கள் "வாசி! வாசி!" என்று கத்தினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பந்து வரும்போது எதைப் போய் வாசிப்பது? சொல்தா மாமா கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார். "படிக்கச் சொல்லலம்மா! 'போ, விடாத'ன்னு சொல்றாங்க!" கூட்டம் சிரித்த சிரிப்பில் நடுவரே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

முதல் பாதியில் பிரெஞ்சுப் பெண்கள் ஒரு கோல் போட்டார்கள். அதற்குப் பிறகு சிநேகிதி என்னை விடவில்லை. வலது பக்கம் பார்த்துக்கொண்டே இடது பக்கம் அடிப்பது அவள் பழக்கம். எனக்கா தெரியாது? ஒன்றைக் காலால் உதைத்தேன், இன்னொன்றை ஸ்டிக்கால் தள்ளினேன். கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் தெரு ஆட்களே "வாசி! வாசி!" என்று எனக்காகக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

முடியப்போகிற நேரத்தில் பிரெஞ்சுப் பெண் ஒருத்தி கோல் வாசலில் பந்தைக் காலால் தடுத்துவிட்டாள். கீப்பர் தவிர வேறு யாரும் பந்தைக் காலால் தொடக் கூடாது. பெனால்ட்டி ஸ்ட்ரோக். அடிப்பவள், தடுப்பவள், நடுவில் பந்து. வேறு யாரும் கிடையாது. அடிக்க வந்தவள் என் சிநேகிதி.

பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இன்னிக்கு மாத்தி அடிப்பேன்டி," என்றாள்.

மாற்றி அடிப்பேன் என்று சொன்னால் மாற்றுவாளா? அவள் வலது பக்கம் பார்த்தாள். நான் நம்பவில்லை. எப்போதும்போல அவளுடைய இடது பக்கமே பாய்ந்தேன். பந்து முழங்கைக்கு மேலே பட்டுக் கம்பத்துக்கு வெளியே தெறித்தது. கை மரத்துப்போனது. நீலச் சட்டைகள் மொத்தமும் என் மேல் வந்து விழுந்தன. எழுந்து பார்த்தால் அப்பா துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊரயே தோக்கடிச்சிட்டியேம்மா!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

சிநேகிதி மட்டும் வேப்ப மரத்தடியில் தனியாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எங்க மேல அவ்ளோ கோவமாடி உனக்கு?"

"கோவம்லாம் இல்லடி. கோல்ல நின்னுட்டா வர்றத தடுக்கத்தான் தோணுது."

என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நன்றாக வீங்கியிருந்தது. "வலிக்குதா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வெறுங்காலோடு நேராக டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், இனிமே இவள அந்தப் பக்கம் அனுப்பாதீங்க. நம்ம கோல்லயே நிக்க வைங்க. என்னால இவகிட்ட மோத முடியல."

அடுத்த மாதம் விழுப்புரத்தில் நடந்த மேட்ச்சுக்கு நான்தான் கோல் கீப்பர். ரெண்டு கோல் விட்டேன். அவள் மூணு போட்டாள்.